கரைவலையில் இருப்பதா இயந்திர ஒற்றுமை?

தங்கச்சிமடத்திலிருந்து சமூகவியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருந்தார்: “பழைய ஊரில் இருப்பது இயந்திர ஒற்றுமை, நவீன சமூகத்தில் இருப்பது உயிரி ஒற்றுமை என்று பாடத்தில் இருக்கிறது. பெயர் இடம் மாறிவிட்டதா சார்?”

மாறவில்லை. பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்கேம் 1893-ல் வெளியிட்ட வேலைப் பிரிவினை பற்றிய நூலில் அப்படித்தான் எழுதினார். கரையில் நின்று கயிற்றால் இழுக்கும் கரைவலையைப் பாருங்கள். கயிற்றின் இரண்டு பக்கமும் ஒரே வேலை செய்யும் ஆட்கள். ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் பிடிப்பார். கல்லுக்குள் துகள்கள் ஒட்டியிருப்பதுபோல, ஒரே மாதிரி இருப்பதாலேயே சேர்ந்திருக்கிறார்கள். அதுதான் ‘இயந்திர’ ஒற்றுமை. விசைப்படகு வேறு. ஓட்டுபவர், வலை பொத்துபவர், ஐஸ் போடுபவர், ஏலம் கூறுபவர், ஏற்றுமதியாளர் என ஆளுக்கொரு வேலை. இதயமும் நுரையீரலும்போல, வேறுபடுவதாலேயே ஒருவரை ஒருவர் விட முடியாது. அதுதான் ‘உயிரி’ ஒற்றுமை.

இதே கரைக்கு மார்க்ஸ் வந்திருந்தால் படகு யாருடையது, பங்கு யாருக்கு எவ்வளவு என்றுதான் முதலில் கேட்டிருப்பார். விதிகளால் இயங்கும் நிர்வாகத்தை ஆராய்ந்த சமூகவியலாளர் மாக்ஸ் வெபரின் கண், கடலுக்குப் போக வாங்கும் அனுமதிச் சீட்டிலும், கிழக்குக் கடற்கரையின் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்திலும் நின்றிருக்கும்: யார் வந்து கேட்டாலும் ஒரே விதி, ஒரே தாள்.

என்னை இன்றைக்கும் சொக்கவைப்பது துர்கேமின் அளவுகோல். ஒற்றுமை கண்ணுக்குத் தெரியாது. அதை எப்படி அளப்பது? தண்டனையைப் பார் என்றார் அவர். ஊர்க்கட்டுப்பாட்டை மீறியவரை ஒதுக்கிவைக்கிறார்கள் என்றால் அங்கே காயம்பட்டது ஊரின் பொது மனம். குற்றம் என்பதால் ஊர் கொதிப்பதில்லை. ஊர் கொதிப்பதால்தான் அது குற்றமாகிறது. விசைப்படகு ஏறி நாட்டுப்படகுக்காரரின் வலை அறுந்தால் கதை வேறு. இரண்டு தரப்பும் உட்கார்ந்து, எத்தனை பாகம் போனது என்று பார்த்து, நஷ்டஈடு பேசுவார்கள். அங்கே யாரும் பாவியில்லை. அறுந்த உறவை மறுபடி முடிச்சுப் போடுகிறார்கள். முதல் வகைத் தீர்ப்பு மிகுந்தால் ஒப்புமை கட்டிய சமூகம், இரண்டாம் வகை மிகுந்தால் வேலைப் பிரிவினை கட்டிய சமூகம். வெப்பநிலையைப் பாதரசத்தின் உயரத்தில் படிப்பதுபோல, ஒற்றுமையைச் சட்டத்தில் படித்தார்!

ஆனால் அளவுகோலில் ஒரு கோளாறு உண்டு. அதைக் காட்டியதும் ஒரு மீன்பிடிக் கரைதான். நியூ கினியாவுக்கு அருகிலுள்ள டிரோபிரியாண்ட் தீவுகளில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1926-ல் எழுதினார்: கரையோர ஊர் மீன் கொடுக்கும், உள்நாட்டு ஊர் வள்ளிக்கிழங்கு கொடுக்கும், வாங்கியதைத் திருப்ப வேண்டும் என்ற கடமையே சட்டமாக நின்றது. பழைய சமூகம் என்றால் தண்டனை மட்டும்தான் என்ற எண்ணம் அதோடு ஆட்டம் கண்டது. நம் கரையிலும் ஒதுக்கிவைப்பும் நஷ்டஈடும் ஒரே ஊர்க்கூட்டத்தில் அடுத்தடுத்து நடக்கின்றன.

மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது. மீனை எண்ணப் பணம் ஒதுக்குவது நியாயம், இன்னும் கூட்டலாம். ஊர்க்கூட்டங்களின் தீர்ப்புகளை ஊர் ஊராகக் கேட்டு எழுதவும் அதே அக்கறையோடு நிதி வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தொண்டி முதல் மூக்கையூர் வரை அவை பெரியவர்களின் நினைவில் இருக்கின்றன. கேள்வி கேட்ட மாணவி தன் தெருவிலேயே தொடங்கலாம்: கடைசியாகப் பேசித் தீர்த்த வலைச் சண்டை எது, எவ்வளவு கொடுத்தார்கள், அதன்பின் இருவரும் பேசிக்கொண்டார்களா?