பின்னணியில் போட்ட வேலை முடிந்ததா என்று யார் பார்க்கிறார்கள்?

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய இடத்தில், பிற நிறுவனங்களுக்கான சம்பளக் கணக்கு மென்பொருள் ஒன்றை ஜாவாவில் எழுதிப் பராமரித்து வந்தோம். மாதத்தின் கடைசி வேலை நாளன்று கணக்குப் பிரிவு அலுவலர் சம்பளச் சீட்டுகளை அனுப்புவதற்கான பட்டனை அழுத்துவார். ஒரு நொடிக்குள் ‘அனைத்துச் சீட்டுகளும் அனுப்பப்பட்டன’ என்று திரையில் பச்சை நிறத்தில் செய்தி வரும். ஒரு மாதம் அந்தச் செய்தி வழக்கம்போல வந்தது. ஆனால் மூவாயிரம் சொச்சம் ஊழியர்களில் பாதிப் பேருக்கு மேல் சீட்டு போய்ச் சேரவில்லை. நிரல் தன் நடப்பைப் பதிந்துவைக்கும் லாக் கோப்பில் ஒரு பிழை வரிகூட இல்லை. மறுநாள் காலை முழுவதும் மின்னஞ்சல் சேவை தந்தவர்களைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். குறை எங்கள் நிரலில், நானே எழுதிய ஒரு வரியில் இருந்தது என்பது மாலையில்தான் தெரிந்தது.

அந்த வரி செய்தது இவ்வளவுதான்: பத்து திரெட்கள் (நிரலுக்குள் ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓடும் இழைகள்) கொண்ட தொகுப்பான ஒரு திரெட் பூலிடம், ஊழியர் ஒருவருக்கு ஒன்று வீதம் சீட்டு அனுப்பும் வேலைகளை ‘சப்மிட்’ செய்துவிட்டு (ஒப்படைத்துவிட்டு), உடனே திரையில் வெற்றிச் செய்தியைக் காட்டியது. வேலை ஒப்படைக்கப்பட்டதையே வேலை முடிந்ததாக எடுத்துக்கொண்டிருந்தேன். பிறகு பல குழுக்களின் நிரலைப் பரிசீலித்தபோது இதே வரியை வெவ்வேறு உருவங்களில் பார்த்திருக்கிறேன் என்பதால், இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

திரெட் பூல் ஏன் தேவை என்பதில் யாருக்கும் ஐயம் இருக்காது. 64 பிட் லினக்ஸில் ஜாவா திரெட் ஒன்று தன் ஸ்டாக்குக்கு (அதன் தற்காலிக வேலைக்கான நினைவகப் பகுதிக்கு) இயல்பாக 1 எம்பி இடத்தை ஒதுக்கிக்கொள்கிறது. அதை உருவாக்குவதற்கும் அழிப்பதற்கும் இயங்குதளம் உழைக்க வேண்டியிருக்கிறது. ஆகவே, சில திரெட்களை உயிரோடு வைத்துக்கொண்டு வரும் வேலைகளை அவற்றுக்கு மாற்றி மாற்றிக் கொடுப்பது சிக்கனமானது. 2004-ல் வெளியான ஜாவா 5, கணினி அறிவியல் பேராசிரியர் டக் லீ தலைமையில், பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டுவதற்காக உருவான கன்கரன்ட் தொகுப்பின் வழியாக இதை எல்லோர் கைக்கும் எட்டச் செய்தது. எளிதாகக் கைக்கு எட்டியதாலேயே அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று பலரும் பார்ப்பதில்லை.

‘நியூ ஃபிக்ஸ்டு திரெட் பூல்’ என்று எழுதி அடைப்புக்குள் 10 என்று கொடுத்தால், எல்லாவற்றுக்கும் ஓர் எல்லை வைத்துவிட்டதாக நமக்குத் தோன்றும். எல்லை திரெட்களுக்கு மட்டும்தான். பத்து திரெட்களும் வேலையாக இருக்கும்போது வந்து சேரும் வேலைகள் காத்திருக்கும் வரிசைக்கு, ஜாவாவின் முழு எண் வகை தாங்கும் உச்சமான 2,147,483,647 மட்டுமே வரம்பு. நடைமுறையில் வரம்பே இல்லை என்று பொருள். ஜாவாவில் செயலிகள் எழுதப் பயன்படும் ஸ்பிரிங் பூட்டில், பின்னணியில் ஓட வேண்டியதை ‘அசிங்க்’ என்று குறியிட்டுவிட்டு வேறெதையும் அமைக்காமல் விட்டாலும் இதே நிலைதான்: இயல்பாக எட்டு திரெட்கள், எல்லையில்லாத வரிசை.

அந்த வரிசை எப்படி வளர்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு வேலை 200 மில்லி செகண்டில் முடியுமானால் பத்து திரெட்கள் நொடிக்கு ஐம்பது வேலைகளை முடிக்கும். நொடிக்கு இருபது வேலைகள் வந்தால் வரிசையில் எதுவும் தங்காது. மின்னஞ்சல் சர்வர் தடுமாறி ஒரு வேலைக்கு ஐந்து நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது நொடிக்கு இரண்டுதான் முடியும்; பதினெட்டு தேங்கும்; ஒரு மணி நேரத்தில் 64,800 வேலைகள் வரிசையில் நிற்கும். ஒவ்வொரு வேலையும் 100 கேபி அளவுள்ள பிடிஎஃப் கோப்பை நினைவகத்தில் சுமந்துகொண்டு நின்றால், ஜாவா நிரலுக்கு ஒதுக்கிய 4 ஜிபி நினைவகம் (ஹீப்) நாற்பது நிமிடம்கூடத் தாங்காது. அப்போது ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று வரும் பிழை மின்னஞ்சலுக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு பகுதியில் வெடிக்கும். நாம் அங்கே போய்த் தேடிக்கொண்டிருப்போம்.

இதைத் தெரிந்துகொண்டவர்கள் செய்யும் அடுத்த தவறு, அதிகபட்ச திரெட் எண்ணிக்கையை உயர்த்துவது. எங்கள் ஊர் மெஸ் ஒன்றில் கீழ்த்தளம் நிரம்பியதும் வருபவர்களை வாசல் பெஞ்சில் உட்கார வைப்பார்கள். பெஞ்சும் நிரம்பினால்தான் மாடியைத் திறப்பார்கள். ஜாவாவின் திரெட் பூலும் அப்படியே நடந்துகொள்கிறது: அடிப்படை எண்ணிக்கை வரை திரெட்களை உருவாக்கும், பிறகு வரிசையை நிரப்பும், வரிசை நிரம்பிய பின்பே அதிகபட்ச எண்ணிக்கையை நோக்கிப் புதிய திரெட்களைத் திறக்கும். பெஞ்சுக்கு முடிவே இல்லையென்றால் மாடி திறக்கப்படவே மாட்டாது. அதிகபட்சம் 200 என்று அமைத்துவிட்டு எல்லையில்லாத வரிசையையும் வைத்திருக்கும் அமைப்புகளை நான் எண்ணிக்கையற்றுப் பார்த்திருக்கிறேன். அந்த 200 வெறும் அலங்காரம்.

வரிசைக்கு எல்லை வைத்தால், அது நிரம்பும்போது என்ன செய்வது என்று நாம் முடிவெடுத்தே ஆக வேண்டும். இயல்பான கொள்கை, புதிய வேலையை மறுத்து எக்ஸெப்ஷன் என்ற பிழை அறிவிப்பை எறிவது. வேலையைக் கொடுத்த திரெட்டையே அதைச் செய்ய வைக்கும் ‘காலர் ரன்ஸ்’ கொள்கையும் இருக்கிறது. அது கொடுப்பவரின் வேகத்தைத் தானாகவே குறைப்பதால் எனக்குப் பெரும்பாலும் பிடித்தது. ஆனால் கொடுப்பவர் பயனரின் கோரிக்கையைக் கையாளும் திரெட் என்றால் திரை உறைந்து நிற்கும் என்பதை ஏற்றுக்கொண்டே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சத்தமில்லாமல் வேலையைத் தூக்கிப்போடும் இரு கொள்கைகளும் உண்டு. சம்பளம், பணம், மருத்துவம் தொடர்பான எதிலும் அவற்றை அனுமதிக்காதீர்கள்.

இனி லாக் ஏன் வெறுமையாக இருந்தது என்பதற்கு வருகிறேன். ‘எக்ஸிக்யூட்’ வழியாகக் கொடுத்த வேலையில் எக்ஸெப்ஷன் எழுந்தால் அந்த திரெட் இறந்து, பிழை விவரமாவது கன்சோலில் அச்சாகும். ‘சப்மிட்’ வழியாகக் கொடுத்தால், பூல் அந்த எக்ஸெப்ஷனைப் பிடித்து, நமக்குத் திருப்பித் தந்த ‘ஃபியூச்சர்’ என்ற பொருளுக்குள் பத்திரமாக வைத்துவிடும். அந்த ஃபியூச்சரிடம் ‘கெட்’ என்று கேட்பவருக்கு மட்டுமே பிழை தெரியும். நான் அதை ஒரு மாறியில்கூட வாங்கிக்கொள்ளவில்லை. தவறான முகவரி, இணைப்புத் துண்டிப்பு எல்லாம் யாரும் திறக்காத உறைகளுக்குள் போய் முடிந்தன. குறித்த இடைவெளியில் வேலையைத் திரும்பத் திரும்ப ஓட்டும் ‘ஷெட்யூல் அட் ஃபிக்ஸ்டு ரேட்’ இன்னும் மோசம்: ஒருமுறை எக்ஸெப்ஷன் வெளியே வந்துவிட்டால், அதன் பிறகு அந்த வேலை ஓடவே ஓடாது. இரவுநேரச் சுத்திகரிப்பு வேலை பல வாரங்களாக நின்றுபோயிருப்பது வட்டு நிரம்பிய பிறகே தெரியவந்த அனுபவமும் எனக்கு உண்டு. வேலையின் உடல் முழுவதையும் ட்ரை–கேட்சுக்குள் வைத்து, பிடித்த இடத்திலேயே ஊழியர் எண்ணோடு லாக் எழுதுவது அழகான நிரல் இல்லைதான். இருந்தாலும் அதைத்தான் நான் கேட்டு வாங்குகிறேன்.

எங்கள் மின்னஞ்சல் வேலைகள் ஏன் அவ்வளவு மெதுவாயின என்பதற்கும் காரணம் எங்களிடமே இருந்தது. ஜாவா மெயில் நூலகத்தில் இணைப்புக்கும் பதிலுக்கும் நாம் நேர வரம்பு கொடுக்காவிட்டால் அது முடிவின்றிக் காத்திருக்கும். அன்று ஒரு சீட்டுக்கு ஏறத்தாழ இருபது நொடி ஆகிக்கொண்டிருந்தது; பத்து திரெட்கள் நிமிடத்துக்கு முப்பது சீட்டுகளைத்தான் கையாண்டன. பட்டனை அழுத்திய நாற்பதாவது நிமிடத்தில் வேறொரு சிறு திருத்தத்துக்காக எங்கள் குழுவில் ஒருவர் புதிய பதிப்பை டெப்ளாய் செய்தார்; அதாவது ஓடிக்கொண்டிருந்த பிராசஸை நிறுத்திப் புதியதைத் தொடங்கினார். ஆயிரத்து இருநூறு சீட்டுகள் கையாளப்பட்டிருந்தன. நினைவகத்தில் மட்டும் வாழ்ந்த வரிசையில் நின்றிருந்த மீதி எல்லாம் அந்தப் பிராசஸோடு மறைந்தன.

நிறுத்தும் நேரத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். சர்வர்களில் மென்பொருளை ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டீஸ், ‘பாட்’ எனப்படும் ஓர் இயங்கும் அலகை நிறுத்தும்போது முதலில் ‘நிறுத்திக்கொள்’ என்னும் ‘சிக்டெர்ம்’ சைகையை அனுப்பி, இயல்பாக 30 நொடி காத்திருந்து, பிறகு ‘சிக்கில்’ அனுப்பிக் கொன்றுவிடும். அந்த முப்பது நொடிக்குள் பூலிடம் ‘ஷட்டவுன்’ சொல்லி, புதிய வேலை வாங்குவதை நிறுத்தி, கையில் இருப்பதை முடிக்க நேரம் கொடுத்து, இன்னும் தொடங்காதவற்றை ‘ஷட்டவுன் நவ்’ திருப்பித் தரும் பட்டியலிலிருந்து எடுத்து எழுதி வைக்க வேண்டும். இவ்வளவையும் சரியாகச் செய்தாலும் மின்சாரம் போனால் வரிசை போய்விடும்.

இன்னொரு வகைக் கோளாறு, வேலைகள் ஒன்றுக்கொன்று காத்துக் கிடப்பது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு பெரிய வேலை, அது தன் ஊழியர்களுக்கான சிறு வேலைகளை அதே பூலில் போட்டு ‘கெட்’ என்று காத்திருக்கும் வகையில் பிறகு ஒருவர் எழுதியிருந்தார். சோதனையில் இரண்டு நிறுவனங்களை வைத்து ஓட்டியபோது எல்லாம் சரியாக நடந்தது. உண்மையான நாளில் பத்து நிறுவனங்கள் ஒரே நேரத்தில் வந்தன. பத்து திரெட்களையும் பெரிய வேலைகள் பிடித்துக்கொண்டன. சிறு வேலைகளைச் செய்ய ஒரு திரெட்கூட மிஞ்சவில்லை. ஒவ்வொரு திரெட்டும் எங்கே நிற்கிறது என்று காட்டும் ‘ஜேஸ்டாக்’ எடுத்துப் பார்த்தால் ‘பூல்-1-திரெட்-1’ முதல் ‘பூல்-1-திரெட்-10’ வரை அத்தனையும் ‘வெயிட்டிங்’ நிலையில், அத்தனையின் அடுக்கிலும் ‘ஃபியூச்சர் டாஸ்க்’கின் ‘அவெய்ட் டன்’ என்ற ஒரே வரி. சிபியு பயன்பாடோ பூஜ்யத்தை ஒட்டி இருந்தது. பெரிய வேலைக்கும் சிறு வேலைக்கும் தனித்தனிப் பூல் வைப்பதே இதற்கு மருந்து. அப்படி வைக்கும்போது திரெட்களுக்குப் பெயரும் வையுங்கள். ‘சீட்டு-அனுப்பு-3’ என்ற பெயரை நள்ளிரவில் பார்ப்பவர் உங்களை வாழ்த்துவார்.

எத்தனை திரெட்கள் என்ற கேள்விக்குப் பலரும் அறிந்த வாய்பாடு உண்டு: கணினிச் செயலியின் கோர்களின் எண்ணிக்கையை, காத்திருக்கும் நேரத்தைக் கணக்கிடும் நேரத்தால் வகுத்து ஒன்றைக் கூட்டிய தொகையால் பெருக்குவது. நான்கு கோர்கள், 180 மில்லி செகண்ட் காத்திருப்பு, 20 மில்லி செகண்ட் கணக்கீடு என்றால் நாற்பது வரும். ஆனால் அந்த நாற்பதும் தரவுத்தளத்தைத் தொடுமானால், தரவுத்தள இணைப்புகளைப் பங்கிட்டுத் தரும் ஹிக்காரி நூலகம் இயல்பாகத் தரும் பத்து இணைப்புகளுக்கு முன் முப்பது பேர் நிற்பார்கள். முப்பது நொடிக்குள் இணைப்பு கிடைக்காதவர்களுக்கு டைம்அவுட் வரும். 2023-ல் ஜாவா 21-உடன் நிலைபெற்ற, மிக இலகுவான விர்ச்சுவல் திரெட்கள் இந்த வாய்பாட்டை மறக்கச் செய்கின்றன என்பது உண்மை; அந்தப் பத்து இணைப்புகளை அவை பதினொன்றாக்குவதில்லை. அங்கே ஒரே நேரத்தில் இத்தனை பேரை மட்டும் உள்ளே விடும் செமஃபோர் கொண்டு நாமே வாசலைக் குறுக்க வேண்டியிருக்கும்.

சம்பளச் சீட்டு விஷயத்தில் நாங்கள் இறுதியில் செய்தது புதுமையானதல்ல. பட்டனை அழுத்தியதும் ஊழியர் ஒருவருக்கு ஒரு பதிவாகப் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தின் அட்டவணையில் ‘பாக்கி’ என்ற நிலையோடு எழுதினோம். பூலில் உள்ள திரெட்கள் அங்கிருந்து, வேறொன்று பிடித்திருக்கும் பதிவைத் தாண்டிச் செல்லும் ‘ஸ்கிப் லாக்டு’ வசதியால் ஒன்றையொன்று இடிக்காமல் எடுத்து அனுப்பி, நிலையை மாற்றின. அனுப்பிய கணத்துக்கும் நிலையை மாற்றும் கணத்துக்கும் நடுவில் சர்வர் விழுந்தால் ஒருவருக்கு இரண்டு சீட்டுகள் போகும் என்பதை அறிந்தே ஏற்றுக்கொண்டோம். பணமே அனுப்பும் வேலையாக இருந்திருந்தால் அதை ஏற்றிருக்க முடியாது. ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் மறுமுறை வந்தாலும் அடையாளம் காணத்தக்க ஓர் எண்ணைத் தந்திருப்போம். திரைச் செய்தியையும் மாற்றினோம்: இத்தனை அனுப்பப்பட்டன, இத்தனை பாக்கி, இத்தனை தவறின.

அடுத்த மாதக் கடைசியில் கணக்குப் பிரிவு அலுவலரிடமிருந்து தொலைபேசி வந்தது. “சார், பன்னிரண்டு பேருக்குத் தவறியது என்று காட்டுகிறது, எல்லோரும் புதிதாகச் சேர்ந்தவர்கள், மின்னஞ்சல் முகவரியில் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி விழுந்திருக்கிறது, நானே திருத்திவிட்டேன். மறுபடி எந்தப் பட்டனை அழுத்த வேண்டும்?” என்று கேட்டார். மறுபடி அனுப்புவதற்கு நாங்கள் பட்டன் வைக்கவில்லை. அன்று மாலை வைத்தோம்.