தீ எதிர்ப்பா, தீத்தாங்குதிறனா?

அடுக்குமாடி வீட்டு விளம்பரக் கையேடு ஒன்றில் 'இரண்டு மணி நேரத் தீ எதிர்ப்புக் கதவுகள்' என்று போட்டிருந்தார்கள். இரண்டு பக்கம் தள்ளி அதே கதவு 'தீத்தடுப்புக் கதவு' ஆகியிருந்தது. கடைசிப் பக்கத்தில் 'தீயணைப்புக் கதவு'. கதவே எழுந்து வந்து தண்ணீர் அடிக்கும் போல! ஃபயர் ரெசிஸ்டன்ஸ் என்பதற்கு இப்படி ஆளுக்கொரு தமிழ் புழங்குகிறது. மூன்றுமே எனக்கு ஒப்பவில்லை.

முதலில் பொருள். தீக்கு நடுவே ஒரு சுவரோ தூணோ தளமோ கதவோ எவ்வளவு நேரம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும் என்பதுதான் இது. சுமையைச் சுமக்க வேண்டும், தீயை மறுபக்கம் விடக் கூடாது, மறுபக்கத்தைக் கொதிக்க விடக் கூடாது. எந்த உறுப்புக்கு எந்த வேலையோ அதை வைத்து உலையில் சோதிப்பார்கள். ஐஎஸ்ஓ 834 என்ற சர்வதேசச் சோதனை முறைப்படி அரை மணியில் உலை 840 டிகிரி செல்சியஸைத் தொடும், ஒரு மணியில் 945 டிகிரி. முடிவு நிமிடக் கணக்கில் வரும்: 30, 60, 120. ஆங்கிலச் சொல்லின் மூலம் லத்தீன் 'ரெசிஸ்டெரே'. அதன் அடிப்பகுதிக்கு 'நிற்றல்' என்று பொருள். வேர் ஆராய்ச்சி இவ்வளவு போதும்.

இப்போது 'எதிர்ப்பு'க்கு வருவோம். எதிர்ப்பு என்றால் ஒன்றுக்கு எதிராகக் கிளம்புவது. கொடி பிடிக்கலாம், கோஷம் போடலாம். நோய் எதிர்ப்புச் சக்தி சரியான சொல்தான், உடம்பு அங்கே கிருமியோடு சண்டையே போடுகிறது. செங்கல் சுவர் யாரோடு சண்டை போடுகிறது? செங்கல் ஏற்கெனவே சூளையில் வெந்து வந்தது, இன்னொரு முறை சூடு பட்டால் சும்மா நிற்கிறது. ஜிப்சம் பலகையும் அப்படித்தான். அதிலுள்ள ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு படிகத்துக்குள் கட்டுண்ட தண்ணீர். தீயின் சூடு முதலில் அந்தத் தண்ணீரை ஆவியாக்கத்தான் செலவாகிறது. அதுவரை பின்பக்கம் பெரிதாகச் சுடாது.

எதிர்ப்பு என்ற சொல்லால் வரும் பெரிய குழப்பம், எரியாத பொருளெல்லாம் பத்திரம் என்று நினைக்க வைப்பதுதான். இரும்பு எரியாது. ஆனால் மூடாப்பு இல்லாத இரும்பு உத்தரம் 550, 600 டிகிரியில் பாதி வலுவை இழந்து தொய்ந்துவிடும். அது உருக 1400 டிகிரிக்கு மேல் வேண்டும், ஆனால் விழுவதற்கு உருக வேண்டியதில்லை. மரம் எரியும். ஆனால் பருமனான மர உத்தரத்தின் மேல்புறம் கரியாகி, அந்தக் கரியே உள்மரத்துக்குக் கவசமாகிவிடுகிறது. ஊசியிலை மரம் நிமிடத்துக்கு 0.65 மி.மீ. அளவில் கரியாகும் என்று ஐரோப்பிய விதிநூல் கணக்குப் போடுகிறது, அதாவது ஒரு மணிக்குச் சுமார் 4 செ.மீ. மிச்ச மரம் சுமையோடு நிற்கும். கருங்கல்லுக்கு அசையாப் பேர். ஆனால் குவாரியில் நெருப்பு மூட்டியே பாறையைப் பிளப்பதுண்டு. இதில் எது எதிர்த்தது, எது பணிந்தது? கேள்வியே பொருந்தவில்லை. எது எவ்வளவு நேரம் தாங்கியது என்று கேட்டால் உடனே பதில் வருகிறது. கட்டட வேலையில் இருப்பவர்களும் 'எவ்வளவு நேரம் தாங்கும்?' என்றுதான் கேட்பார்கள். 'எவ்வளவு நேரம் எதிர்க்கும்?' என்று யார் கேட்கிறார்கள்?

'தீத்தடுப்பு' நல்ல சொல், இடம்தான் வேறு. தீ பிடிக்காமல் முன்கூட்டிப் பார்த்துக்கொள்வது அது. மின்கம்பியைச் சரியாகப் போடுவதும் சிலிண்டரை ஒழுங்காக மூடுவதும் தீத்தடுப்பு. ஃபயர் ரெசிஸ்டன்ஸ் தீ பிடித்த பிறகு வருகிற சங்கதி.

ஆகவே, தீத்தாங்குதிறன். (த் மிகும், விட்டுவிடாதீர்கள்.) தாங்குதிறன் என்றாலே சுமைக் கணக்குதானே என்று சிலர் இழுப்பார்கள். 'அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல' என்ற குறளில் நிலம் தாங்குவது பாரத்தையா? வெட்டுகிறவனைத் தாங்குகிறது. இடிதாங்கியும் நம்மிடம் பழகிய சொல்தான். அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டுவதுதான் இன்றைய மொழிபெயர்ப்பாளர்களின் வழக்கமாகிவிட்டது. கைக்கடிகாரம்கூட 'நீர் எதிர்ப்பு' ஆகிவிட்டது. நல்ல வேளை, மின்சாரத்தில் வரும் ரெசிஸ்டன்ஸுக்கு இயற்பியல் புத்தகம் எழுதியவர்கள் மின்தடை என்று முந்திக்கொண்டார்கள். இன்றைக்கு எழுதினால் 'மின் எதிர்ப்பு' என்றுதான் வரும்.

கான்கிரீட்டில் இந்தத் திறன் கவர் பிளாக்கில், அதாவது கான்கிரீட் கொட்டும் முன் கம்பியைத் தூக்கி நிறுத்த அடியில் வைக்கும் சின்னக் கட்டையில், இருக்கிறது. கம்பிக்குக் கீழே எவ்வளவு கனத்துக்குக் கான்கிரீட் மூடியிருக்கிறதோ அவ்வளவு நேரம் கம்பி சூடேறாமல் தப்பும். சுவர்மேல் சும்மா உட்காரும் தளத்துக்கு ஒரு மணி நேரத் தீத்தாங்குதிறன் வேண்டுமானால் 20 மி.மீ., இரண்டு மணிக்கு 35 மி.மீ. என்கிறது இந்தியக் கான்கிரீட் விதிநூலான ஐஎஸ் 456. கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லியை முட்டுக்கொடுக்கும் தளத்தில் எந்தத் தமிழ்ச் சொல்லும் உதவாது, அது வேறு கதை.

இன்னொரு வம்பு: கடையில் 'எஃப்ஆர் பிளைவுட்' என்று விற்பது ஃபயர் ரிட்டார்டண்ட். எளிதில் பற்றாது, பற்றினாலும் மெதுவாக எரியும், அவ்வளவுதான். அதைத் 'தீ மட்டுப்படுத்தும் பலகை' என்று எழுதலாம். அதையும் 'தீ எதிர்ப்புப் பலகை' என்றே எழுதினால், வாங்குகிறவர் இரண்டு மணி நேரக் கதவின் காசைக் கொடுத்துவிட்டு அலமாரிப் பலகையோடு வீட்டுக்கு வருவார்.