பிரேமைக் கழற்றாமல் வாங்காதீர்கள்

பழைய காகிதங்களைப் பழுதுபார்த்துப் பாதுகாப்பது என் தொழில். போன மாதம் ஒருவர் கண்ணாடி பிரேமுக்குள் ஒரு சின்ன அட்டையைக் கொண்டுவந்தார். அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் நீராவிப் படகு விட்ட ஓரிகான் ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் இலவசப் பயண பாஸ், ஆண்டு 1883. நல்ல விலை கொடுத்திருந்தார். ஆண்டைப் பார்த்ததுமே எனக்கு வயிறு கலங்கியது.

கேப்டன் ஜான் எய்ன்ஸ்வொர்த் முதலானோர் 1860-இல் தொடங்கிய கம்பெனி அது. ஐடஹோவில் தங்கம் கிடைத்ததும் கூட்டம் கூட்டமாகப் போர்ட்லாந்திலிருந்து ஆற்றின் போக்குக்கு எதிராக மேல்நோக்கிப் போனார்கள். வழியில் படகு ஏற முடியாத நீர்ச்சரிவுகள் உண்டு. அங்கே இறங்கி, கரையோர ரயிலில் போய், மறுபடி வேறு படகில் ஏற வேண்டும். 1879-இல் ரயில்வே முதலாளி ஹென்றி வில்லார்டு அந்தக் கம்பெனியை வாங்கி, ஓரிகான் ரயில்வே அண்ட் நேவிகேஷன் கம்பெனியாக மாற்றிவிட்டார். பாஸ் என்பது ஆண்டுதோறும் புதிதாக அச்சிடுவது. அப்படியிருக்க 1883-க்குப் பழைய பெயரில் எப்படி வரும்?

சரி, பிரேமைக் கழற்றுவோம் என்றேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அந்தக் காலத்து பாஸ்களில் பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் நிபந்தனைகள் இருக்கும்: அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது, விபத்து நேர்ந்தால் கம்பெனி பொறுப்பல்ல என்று. பத்திரிகை ஆசிரியர்கள், சட்டமன்றக்காரர்கள், பெரிய சரக்கு வியாபாரிகள் போன்றவர்களுக்குக் கொடுத்த சலுகை அது. பெயரைக் கையால் எழுதி, அதிகாரி கையெழுத்திடுவார்.

அந்தக் கையெழுத்தைத்தான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். மாசிக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்ந்த அந்தக் காலத்து மை காகிதத்துக்குள் இறங்கி, காலம் போகப்போகப் பழுப்பேறும். கோடு அழுத்தமான இடத்தில் காகிதத்தையே அரித்திருக்கவும் கூடும். இவர் அட்டையில் கையெழுத்தும் வண்ணப் புள்ளிகளாகவே தெரிந்தது. பிரிண்டரில் அடித்தது. புற ஊதா விளக்கில் அட்டை நீலவெள்ளையாகப் பளிச்சிட்டது. காகிதத்துக்கு அப்படி வெண்மை கூட்டும் ரசாயனம் 1950-ஐ ஒட்டித்தான் புழக்கத்துக்கு வந்தது. பளிச்சிடாவிட்டால் அசல் என்று முடிவுகட்டிவிடவும் வேண்டாம், பழைய வெற்றுத்தாளில் அச்சடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பணம் போனதைவிட, மகனிடம் அதைக் காட்டி அந்த ஆற்றுக் கதையெல்லாம் சொல்லியிருந்ததுதான் அவரை வருத்தியது. கதை உண்மைதான், அட்டைதான் பொய் என்றேன்.

அசல் பாஸ் கையில் இருப்பவர்களுக்கு: தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். கிழிந்திருந்தால் செலோடேப் ஒட்டாதீர்கள். அதன் பசை மஞ்சளாகி உள்ளே ஊறினால் எடுப்பது பெரும்பாடு. பிவிசி உறையும் ஆகாது, பாலியெஸ்டர் உறை போதும். வெயில் படும் சுவரில் மட்டும் மாட்டாதீர்கள், மை வெளுத்துவிடும்.