மாணிக்கமே இல்லாத மாணிக்கக் காலணிகள்

2005ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில் ஓர் இரவு, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரிலுள்ள, நடிகை ஜூடி கார்லண்டின் பெயரிலான அருங்காட்சியகத்தின் கதவையும் உள்ளேயிருந்த கண்ணாடிப் பேழையையும் உடைத்து, ஒரு ஜோடி சிவப்புக் காலணிகளை ஒருவர் எடுத்துச் சென்றார். 1939இல் வெளிவந்த ‘தி விசார்ட் ஆஃப் ஆஸ்’ திரைப்படத்தின் படப்பிடிப்புக்காக அந்நடிகைக்குச் செய்யப்பட்ட காலணிகள் அவை. அவற்றில் பதித்திருப்பவை உண்மையான மாணிக்கக் கற்கள் என்று நம்பித்தான் திருடியதாக, ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது அவர் தெரிவித்தார். கற்கள் வெறும் கண்ணாடி என்று தெரிந்தவுடன் அவற்றைக் கைகழுவிவிட்டார். திருட்டு நடந்த இடத்தில் மிஞ்சியது ஒரே ஒரு சிவப்புச் சமிக்கி.

2018இல் மினியாபொலிஸ் நகரில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் ஒரு ஜோடிக் காலணிகளைக் கைப்பற்றினர். ஆனால் இவைதாம் அவை என்று எப்படி உறுதிசெய்வது? அந்தக் காலணிகளைப் பார்த்துச் செய்யப்பட்ட நகல்கள் உலகில் ஏராளம். ஆகவே, வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்றுத் தேசிய அருங்காட்சியகத்துக்கு அவை கொண்டுசெல்லப்பட்டன. அதே படத்துக்காகச் செய்யப்பட்ட இன்னொரு ஜோடி அங்கே 1979 முதல் இருக்கிறது. அதைப் பாதுகாப்பதற்காக ஏற்கெனவே நுணுக்கமாக ஆராய்ந்து வந்த வல்லுநர்களுக்கு, ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையான அறிவு கைவசம் இருந்தது.

ஒப்பீட்டின் அடிப்படை சமிக்கிதான். பட்டுக் காலணியின் மேல் வலைத்துணி போர்த்தி, அதில் ஆயிரக்கணக்கான சமிக்கிகளைத் தைத்திருக்கிறார்கள். இன்று துணிகளில் தைக்கும் சமிக்கி முழுக்க நெகிழியால் ஆனது. 1930களின் சமிக்கி அப்படிப்பட்டதன்று. அதன் நடுவில் இருப்பது ஜெலட்டின், அதாவது விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படும் புரதம். அதனுடன் கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பும் வெள்ளிப் படலம் ஒன்று உண்டு. இவற்றின் மேல் ரோடமின் பி என்னும் சிவப்புச் சாயம் கலந்த செல்லுலோஸ் நைட்ரேட் பூச்சு. அக்காலத்துத் திரைப்படச் சுருள்களும் செய்யப்பட்ட பொருள்தான் செல்லுலோஸ் நைட்ரேட் என்பதை இங்கே நினைவுகூரலாம்.

இந்த அடுக்கமைப்பே மாணிக்கத்தின் தோற்றத்தைத் தருகிறது. மேலிருந்து விழும் வெள்ளொளி சாயப் பூச்சைக் கடக்கும்போது, 550 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய பச்சைப் பகுதியைச் சாயம் உறிஞ்சிக்கொள்கிறது. எஞ்சிய ஒளி வெள்ளிப் படலத்தில் பட்டுத் திரும்பி, அதே பூச்சை மறுபடியும் கடந்தே வெளியே வருகிறது. ஒரே வடிகட்டியில் இருமுறை வடிகட்டியதுபோல நிறம் அடர்கிறது. பளிச்சென்ற சிவப்பாக இருந்திருந்தால், டெக்னிகலர் என்னும் அக்காலத்து வண்ணப்பட முறையில் அது திரையில் ஆரஞ்சு நிறமாகத் தெரிந்திருக்கும். அதனால்தான் நேரில் பார்க்கும்போது இந்தக் காலணிகள் கறுமை கலந்த சிவப்பாக இருக்கின்றன.

இத்தகைய பொருளின் வயதை மறைப்பது கடினம். ஜெலட்டின் ஈரக்காற்றில் உப்பி, வறண்ட காற்றில் சுருங்கும். அதன் மேலுள்ள பூச்சு அதே அளவில் விரிந்து சுருங்காததால் வெடிப்புகள் விழுகின்றன. ரோடமின் பி ஒளி பட்டால் வெளிறும் சாயம். பூச்சு வெளிறியும் வெடித்தும் உதிர்ந்தும் போன இடங்களில் உள்ளிருக்கும் வெள்ளி நிறம் எட்டிப்பார்க்கும். செல்லுலோஸ் நைட்ரேட்டோ தானாகவே மெல்லச் சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை வெளிவிடுகிறது. அவை காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, அந்தப் பூச்சையே மேலும் அரிக்கின்றன. எண்பது ஆண்டுகளாக இப்படி முதிர்ந்த மேற்பரப்பை நெகிழிச் சமிக்கியைக் கொண்டு போலியாக உருவாக்க முடியாது. அகச்சிவப்பு ஒளியை ஒரு பொருள் எந்தெந்த அலைநீளங்களில் உறிஞ்சுகிறது என்று அளந்தாலே, அது செல்லுலோஸ் நைட்ரேட்டா வேறு நெகிழியா என்று துல்லியமாகச் சொல்லிவிடலாம்.

ஆனாலும் பழைய சமிக்கிகளைத் தேடிப் பிடித்து ஒருவர் நகல் செய்திருக்கலாமே என்ற ஐயம் எழுவது இயல்பு. அந்த ஐயத்துக்கு விடை சொன்னது, என் கணிப்பில் இந்த ஆய்வின் மிக அழகிய கண்டுபிடிப்பு. காலணிகளின் முகப்பில் ரிப்பன் முடிச்சு வடிவில் ஓர் அணி உண்டு. அதில் சிவப்புக் கண்ணாடி மணிகள் வரிசையாகத் தைக்கப்பட்டிருக்கின்றன. உருப்பெருக்கியின் கீழ் உற்றுப் பார்த்தபோது, அவற்றினிடையே நிறமற்ற கண்ணாடி மணிக்குச் சிவப்பு வண்ணம் பூசித் தைத்திருந்தது தெரிந்தது. உதிர்ந்துபோன மணிக்கு ஈடாக, படப்பிடிப்புத் தளத்தில் கையில் கிடைத்ததை வைத்து யாரோ செய்த பழுதுபார்ப்பாக அது இருக்கலாம். அதே போன்ற வண்ணம் பூசிய மணிகள் அருங்காட்சியகத்தின் ஜோடியிலும் இருந்தன. மணிநேரக் கணக்கில் அந்தக் காலணிகளோடு செலவிட்டவருக்கு மட்டுமே தெரியக்கூடிய இப்படியொரு குறையை, நகல் செய்பவர் நினைத்துப் பார்த்திருக்கவே வழியில்லை.

இன்னொரு புதிரும் அங்கேயே அவிழ்ந்தது. அருங்காட்சியகத்திலுள்ள ஜோடியின் இடக்காலும் வலக்காலும் ஒன்றுக்கொன்று முழுமையாகப் பொருந்துவதில்லை. முடிச்சின் அகலம், குதிப்பகுதியின் வடிவம் போன்றவற்றில் சிறு வேறுபாடுகள் உண்டு. மீட்கப்பட்ட ஜோடியிலும் அதே கதைதான். நான்கையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, ஒரு ஜோடியின் இடக்காலணி மற்ற ஜோடியின் வலக்காலணிக்கு இணையாக அமைந்தது. எப்போதோ, யாருடைய கையிலோ, அவை மாறிப்போயிருக்கின்றன. எஃப்.பி.ஐ.க்குத் தேவைப்பட்ட உறுதி இவற்றால் கிடைத்தது.

ஆய்வு முடிந்ததும் நான்கு காலணிகளும் மறுபடியும் பிரிந்தன. மீட்கப்பட்ட ஜோடி அதன் உரிமையாளரிடம் ஒப்படைக்கப்பட்டு, 2024 டிசம்பரில் கட்டணங்கள் உட்பட 3.25 கோடி டாலருக்கு ஏலம் போனது. ஸ்மித்சோனியன் பேழைக்குள் இருக்கும் இரண்டு காலணிகளுக்கும் உரிய இணைகள் இப்போது அந்த ஏலத்தில் வாங்கியவரிடம் இருக்கின்றன.