மலையில் பிறந்தவனுக்கும் மூச்சு வாங்கும்

இலங்கை மலையகத்தில், எங்கள் தேயிலைத் தோட்டங்களில் "மலைக்குப் போகிறேன்" என்றால் வேலைக்குப் போகிறேன் என்று பொருள். விடியற்காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போய், கூடையை மாட்டிக்கொண்டு, மாலை வரை சரிவில் நின்று கொழுந்து பறித்த பெண்களின் பேரன் என் அக்காள் மகன். துபாயில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்கிறான். அவனுடைய முதலாளி நவம்பரில் தஜிகிஸ்தானின் பாமிர் மலைக்குக் காட்டுச் செம்மறி வேட்டைக்குப் போவதாகவும், முகாமில் சமைக்க இவனையும் கூப்பிடுவதாகவும் சொன்னபோது அவன் முகத்தில் துளியும் பயம் இல்லை.

"மலை எனக்குப் புதிதா மாமா? நான் ஹற்றனில் பிறந்தவன்" என்றான்.

நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிப்பவன். அந்த ஒரு வாக்கியம் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. ஆறு வார விடுமுறையில் அவன் வீட்டுக்கு வந்திருந்தான். அதற்குள் அவனுக்குப் புரியவைக்க வேண்டியது ஒன்றே ஒன்று: கால் பலம் வேறு, குருதி பழகுவது வேறு. முன்னதை ஹற்றனில் தேடிக்கொள்ளலாம். பின்னதை அந்த உயரத்தில் உறங்கித்தான் பெற முடியும்.

ஹற்றன் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா 1,868 மீட்டர். சிவனொளிபாதமலை உச்சி 2,243 மீட்டர். நாட்டிலேயே உயரமான பிதுருதலாகலையே 2,524 மீட்டர்தான். பாமிரில் வேட்டை முகாம் போடும் இடம் 4,200 மீட்டர். பிதுருதலாகலையின் தலையில் இன்னொரு நுவரெலியாவைத் தூக்கி வைத்தால்தான் அந்த முகாமின் உயரத்தைச் சற்றே தாண்டுவோம்.

மேலே போகப் போக ஒட்சிசன் குறையும் என்று எல்லோரும் சொல்வார்கள். காற்றில் ஒட்சிசனின் பங்கு எங்கும் நூற்றுக்கு ஏறத்தாழ 21தான், அது மாறுவதில்லை. மாறுவது வளிமண்டல அமுக்கம். நமக்கு மேலே நிற்கும் காற்றின் பாரம் குறையக் குறைய, ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே வரும் வாயுத் துணிக்கைகளின் எண்ணிக்கை குறைகிறது. கொழும்பில் உள்ள அமுக்கத்தை 100 என்று வைத்தால் நுவரெலியாவில் 80, சிவனொளிபாதமலையில் 76, பாமிர் முகாமில் 60கூட இல்லை. அதே நெஞ்சு, அதே மூச்சு. கிடைப்பது பாதிக்குச் சற்று மேல்.

சமையற்காரனுக்கு இதைச் சமையலறையில் காட்டுவதுதான் எளிது. பாடசாலையிலிருந்து வெப்பமானியைக் கொண்டுவந்து, அக்காளின் அடுப்பில் கொதிக்கும் தண்ணீரில் பிடித்தேன். பாதரசம் 96இல் நின்றுவிட்டது. "தீயைக் கூட்டு" என்றேன். கூட்டினான். தண்ணீர் குமுறியது, ஆவி பறந்தது, பாதரசம் அசையவில்லை. அமுக்கம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடுகிறது. கொதித்த பிறகு எவ்வளவு விறகு போட்டாலும் சூடு ஏறாது. பாமிர் முகாமில் அது 86 பாகையிலேயே கொதிக்கும். பருப்பு மணிக்கணக்கில் வேகாமல் கிடக்கும், சோறு நடுவில் அரிசியாக நிற்கும், தேயிலைச் சாயம் சரியாக இறங்காது. அவன் சற்று நேரம் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அப்படியென்றால் பிரஷர் குக்கர் கொண்டு போக வேண்டும்" என்றான். அன்றுதான் அவன் என்னை நம்பத் தொடங்கினான் என்று நினைக்கிறேன்.

சட்டிக்கு மூடி போட்டு அமுக்கத்தைத் திரும்பக் கொண்டுவரலாம். உடம்புக்கு மூடி கிடையாது. அது வேறு வழி தேடுகிறது.

கழுத்தின் இரு பக்கமும், மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடி பிரியும் இடத்தில், அரிசி மணியளவு சிறு உணரிகள் இருக்கின்றன. குருதியில் ஒட்சிசன் குறைந்ததும் அவை மூளைக்குச் சொல்கின்றன. மூச்சு வேகமாகிறது, ஆழமாகிறது. அதோடு பிரச்சினை தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் மூச்சை வேகமாக விடும்போது காபனீரொட்சைட்டு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. காபனீரொட்சைட்டு குருதியில் அமிலமாக நிற்கும் பொருள். அது போனதும் குருதி காரத்தின் பக்கம் சாய்கிறது. மூளையின் சுவாச மையம் அதைக் கண்டு, "போதும், மெதுவாக விடு" என்று கடிவாளத்தை இழுக்கிறது. ஒரு கை முடுக்குகிறது, இன்னொரு கை பிடித்து இழுக்கிறது. முதல் நாளில் மலையேறுபவன் படும் பாடு முழுவதும் இந்த இழுபறியில்தான்.

இரவில் இது கண்ணுக்கே தெரியும். தூங்குகிறவன் வேகவேகமாக நாலைந்து மூச்சு விடுவான். பிறகு பத்து விநாடி, சில வேளை அதற்கும் மேல், மூச்சே இருக்காது. பக்கத்தில் படுத்திருப்பவர் பயந்து எழுந்துவிடுவார். பிறகு திடுக்கிட்டு இழுத்து விடுவான். காபனீரொட்சைட்டு குறைந்ததும் மூச்சு நிற்கிறது. அது சேர்ந்து, ஒட்சிசனும் இறங்கியதும் மறுபடி தொடங்குகிறது. பெரும்பாலும் ஆபத்தில்லாதது. ஆனால் தூக்கம் துண்டு துண்டாகிவிடும்.

இந்த இழுபறியைத் தீர்த்துவைப்பது சிறுநீரகம். அது காரத்தன்மை தரும் இருகாபனேற்றைச் சிறுநீரோடு கழிக்கிறது. அப்படிக் கழியக் கழிய குருதி சமநிலைக்குத் திரும்புகிறது, கடிவாளம் தளர்கிறது, மூச்சு தாராளமாகிறது. ஆனால் சிறுநீரகத்துக்கு இது நாட்கணக்கான வேலை. அவசரப்படுத்த முடியாது. முதல் இரண்டு நாளில் அடிக்கடி சிறுநீர் போனால் பயப்படாதே, உடம்பு வேலையைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம் என்று அவனிடம் சொன்னேன்.

குருதி மாறுவதற்கு இன்னும் அதிக காலம் வேண்டும். ஒட்சிசன் குறைந்ததைக் கலங்கள் உணர்ந்து, அதற்கேற்ற பரம்பரையலகுகளை இயக்கும் விதத்தைக் கண்டறிந்ததற்காக வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா ஆகிய மூவருக்கும் 2019இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஏற்பாட்டின்படி சிறுநீரகம் சில மணி நேரத்திலேயே எரித்ரோபொயட்டின் என்ற ஓமோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. அது எலும்பு மச்சையை உசுப்பிச் செங்குருதிக் கலங்களைப் பெருக்கச் சொல்கிறது. ஆனால் அந்தப் புதிய கலங்கள் போதிய அளவு சேர்வதற்கு வாரங்கள் ஆகும். பத்து நாள் வேட்டைக்குப் போகிறவருக்கு அவற்றால் பெரிய பயன் கிடைக்கும் முன்பே விமானம் ஏறும் நாள் வந்துவிடும்.

அப்படியானால் ஹற்றனில் பிறந்ததால் ஒன்றுமே இல்லையா? கடலோரத்துக்காரரை விட ஒரு சிறு முன்தொடக்கம் இருக்கலாம், அவ்வளவுதான். உயர மலை நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேலேதான் தலைகாட்டுகிறது. நம் நாடு முழுவதும் ஏறத்தாழ அந்தக் கோட்டுக்குக் கீழே முடிந்துவிடுகிறது. அதிலும் அவன் நாலு வருடமாகக் கடல் மட்டத்தில் வாழ்கிறான். உடல் வலிமையும் இந்த நோயைத் தடுக்காது. வலிமையுள்ளவன் வேகமாக ஏறிவிடுவான் என்பதால் அவனுக்கு ஆபத்து சில வேளை கூடுதல்.

முதலாளியின் திட்டத்தைப் பார்த்தேன். 1,000 மீட்டர் உயரத்தில் உள்ள கிர்கிஸ்தானின் ஓஷ் நகரிலிருந்து ஜீப்பில் புறப்பட்டு, ஒரே நாளில் 3,600 மீட்டரில் உள்ள முர்காபுக்குப் போய் உறங்குவது, மறுநாள் முகாம். மலை மருத்துவம் சொல்வது இதற்கு நேர் எதிர்: 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு உறங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு. பகலில் எவ்வளவு உயரம் தொட்டு இறங்கினாலும் கணக்கில் வருவது உறங்கும் உயரம்தான். பாதையில் உள்ள அக்-பைத்தால் கணவாய் 4,655 மீட்டர். ஜீப்பில் அதைத் தாண்டிப் போவது வேறு, அங்கே படுப்பது வேறு. முதலாளியிடம் பேசி, 3,170 மீட்டரில் உள்ள சரி-தாஷில் இரண்டு இரவும் முர்காபில் இரண்டு இரவும் தங்குவதாக மாற்றச் சொன்னேன். இதுவும் பெரிய தாவல்தான், ஆனால் முன்னதைப் போல் கண்ணை மூடிக்கொண்டு பாய்வதல்ல. அவர் ஒத்துக்கொண்டார், அதற்காக அவருக்கு நன்றியுள்ளவனாக இருக்கிறேன்.

தலைவலி, குமட்டல், பசியின்மை, சோர்வு: இவை வந்தால் அதே உயரத்தில் நிற்க வேண்டும், ஏறக் கூடாது. இரண்டு அறிகுறிகள் வேறு வகை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நுரையீரலில் நீர் கசிவதன் அடையாளம். இது பெரும்பாலும் இரண்டாம் இரவுக்கும் நான்காம் இரவுக்கும் இடையில் வரும். நேர்கோட்டில், குதியும் விரலும் ஒட்ட அடி வைத்து நடக்க முடியாமல் தள்ளாடுவது, மூளை வீங்குவதன் அடையாளம். இரண்டுக்கும் முதல் வைத்தியம் கீழே இறங்குவது. இரவானாலும், பனியானாலும், வேட்டை பாதியில் நின்றாலும் இறங்க வேண்டும். வைத்தியரிடம் கூட்டிப் போனேன். அசற்றசோலமைட்டு மாத்திரை எழுதித் தந்தார், சல்பா மருந்து ஒவ்வாமை உண்டா என்று கேட்ட பிறகே. சிறுநீரகம் நாட்கணக்கில் செய்யும் அந்த இருகாபனேற்றுக் கழிப்பை இந்த மாத்திரை விரைவுபடுத்துகிறது. வலியை மறைத்து ஏமாற்றும் மருந்தல்ல என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை.

இனி, நம் மலை தரக்கூடியது. அது இறக்கம்.

பருவகாலம் தொடங்காத அக்டோபரில், விளக்குகளும் கடைகளும் இல்லாத நல்லதண்ணிப் பாதையில் சிவனொளிபாதமலைக்கு ஏறினோம். முதுகில் பத்துக் கிலோ அரிசி. ஏறும்போது அவனுக்கு மூச்சுத்தான் வாங்கியது. இறங்கும்போது, பாதி வழியில், முழங்காலுக்கு மேலே தொடைச் சதை தானாகவே துடிக்கத் தொடங்கியது. படியில் நின்று இரண்டு கைகளாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டான். மறுநாள் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசல் படியில் பக்கவாட்டாக இறங்கினான்.

ஏறும்போது தொடைத் தசை சுருங்கியபடி வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை உடம்பின் பாரத்தைத் தாங்கிப் பிடித்தபடியே நீள வேண்டியிருக்கிறது. பிரேக் பிடிக்கும் வேலை அது. இந்த வேலையைக் குறைவான தசை நார்களே ஏற்பதால் ஒவ்வொன்றின் மேலும் இழுவை அதிகம், உள்ளே நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. வலி மறுநாளும் அதற்கு மறுநாளும் உச்சத்துக்கு வருவது அதனால்தான். இதில் ஒரு நல்ல செய்தி உண்டு: ஒரு முறை இப்படிப் புண்பட்டு ஆறிய தசை, அடுத்த முறை அதே வேலைக்கு மிகக் குறைவாகவே புண்படுகிறது, அந்தப் பாதுகாப்பு வாரக்கணக்கில் நிற்கிறது. பத்து நாள் கழித்து மறுபடி போனோம். தொடை துடிக்கவில்லை. எத்தனை நாள் சமதரையில் ஓடினாலும் கிடைக்காத பயிற்சி இது; நம் வீட்டு வாசலில் கிடக்கிறது.

குளிரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நுவரெலியாக் குளிர் ஈரக் குளிர், பாமிரில் வறண்ட குளிர். மூச்சின் வழியாகவே உடம்பின் நீர் போய்க்கொண்டிருக்கும், தாகம் தெரியாது. பருத்தி வியர்வையைக் குடித்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும், கம்பளிதான் உள்ளாடை.

அந்தச் செம்மறியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ அதன் பெரிய கொம்புகளைப் பற்றிச் சொன்னதால் அவருடைய பெயரே நிலைத்துவிட்டது. 1841இல் எட்வர்ட் பிளைத் அறிவியல் பெயரிட்டார். கிடாய் நூறு கிலோவுக்கு மேல் நிறுக்கும், கொம்பை வளைவோடு அளந்தால் ஒன்றரை மீட்டரைத் தாண்டுவதுண்டு. மரமில்லாத திறந்த சரிவில் மேய்வதால் வெகு தூரத்திலேயே ஆளைக் கண்டுவிடும்; வேட்டைக்காரர் தொலைவிலிருந்தே சுட வேண்டிவரும். நாற்பது பாகைச் சரிவில், 300 மீட்டர் தூரத்தில் நிற்கும் கிடாய்க்கும் அவருக்கும் கிடைத் தூரம், அதாவது சரிவை விட்டுச் சமமட்டத்தில் அளந்த தூரம், 230 மீட்டர்தான். புவியீர்ப்பு குண்டைக் கீழே இழுப்பதை அந்தக் கிடைத் தூரத்தைக் கொண்டே கணக்கிட வேண்டும். காற்றும் அங்கே அடர்த்தி குறைந்தது. இரண்டையும் மறந்தால் குண்டு மேலே போய்விடும், அல்லது விலங்கு காயத்தோடு ஓடும்.

எனக்கு வேட்டையில் விருப்பமில்லை. ஹோர்ட்டன் சமவெளியில் ஒருகாலத்தில் யானைகள் திரிந்தன. வெள்ளைக்காரத் துரைமாரின் துப்பாக்கி வந்த பிறகு அவை இல்லாமல் போயின. தஜிகிஸ்தானில் அனுமதி எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கிறது, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச உடன்படிக்கைப்படி அனுமதிப் பத்திரம் இல்லாமல் கொம்பு எல்லை தாண்ட முடியாது. அந்த வரம்பை அந்த நாடு கறாராகக் காக்க வேண்டும் என்பதே என் ஆசை.

டிசம்பரில் அவன் வந்தபோது ஒரு கொப்பியை நீட்டினான். விரலில் கவ்வும் ஒட்சிசன் மானியை வாங்கிக் கொடுத்து, காலையும் மாலையும் எழுதச் சொல்லியிருந்தேன். ஓஷில் நூற்றுக்கு 97. சரி-தாஷ் முதல் இரவு 87, இரண்டாம் காலை 91. முர்காபில் 86. முகாமில் முதல் இரவு 82, அதன் கீழே கோணல் எழுத்தில், "தலை இடிக்கிறது. சோறு இறங்கவில்லை. முதலாளி மேலே ஏறினார், கூப்பிட்டார். நான் போகவில்லை." அடுத்த பக்கத்தில் 85. ஐந்தாம் நாள் 88, "இன்று பருப்பு நன்றாக வெந்தது. நானும் சாப்பிட்டேன்."

ஊர் வந்த வாரத்தில், அக்காளின் லயத்துக்கு ஏறும் குத்துப் பாதையில் நிற்காமல் ஏறினான். அந்தப் பழக்கம் இன்னும் சில வாரங்கள்தான் உடம்பில் நிற்கும், அடுத்த முறை மறுபடியும் சரி-தாஷில் தொடங்க வேண்டும் என்றேன். தெரியும் மாமா என்றான். பிரஷர் குக்கரைக் கேட்டேன். முகாமில் இறைச்சி வேகவைக்கும் பெரியவர் ஆசைப்பட்டதால் அவரிடமே கொடுத்துவிட்டு வந்தானாம்.