ரிலேட்டிவ் ப்ரனவுன்: தமிழில் என்ன சொல்வது?

"ரிலேட்டிவ்னா சொந்தக்காரங்கதானே சித்தி? ஹூ, விச் எல்லாம் யாருக்குச் சொந்தம்?" ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அக்கா மகன் கேட்டான். நியாயமான சந்தேகம். ஹூ (who), விச் (which) மாதிரிச் சொற்களைத்தான் ஆங்கில இலக்கணம் ரிலேட்டிவ் ப்ரனவுன் என்கிறது.

லத்தீனில் 'ரெஃபெர்ரே' என்றால் திரும்பக் கொண்டுபோதல். அந்த வினையின் இன்னொரு வடிவம் 'ரெலாட்டுஸ்'; ரிலேட்டிவ் அதிலிருந்து வந்தது. 'ப்ரோநோமென்' என்றால் பெயருக்குப் பதிலாக நிற்பது. ஆக, முன்னால் சொன்ன பெயரிடமே நம்மைத் திரும்பக் கூட்டிப்போகும் சொல். 'உறவுப் பெயர்' என்று மொழிபெயர்த்தால் மாமாவும் அத்தையும்தான் நினைவுக்கு வருவார்கள். 'தொடர்பு மாற்றுப்பெயர்' தேவலை என்பேன்.

எந்தப் பெயர் வைத்தாலும் கொஞ்சம் ஒட்டாமல்தான் நிற்கும். தமிழில் அப்படி ஒரு சொல்வகையே இல்லை. அதன் வேலையைப் பெயரெச்சம், அதாவது அடுத்து வரும் பெயரைக் கொண்டு முடியும் வினை, பார்த்துக்கொள்கிறது. பெயரெச்சம் ஆறு பொருளுக்கு வரும் என்கிறது நன்னூல். வெட்டிய ஆள், வெட்டிய அரிவாள், வெட்டிய இடம், வெட்டிய வெட்டு, வெட்டிய நாள், வெட்டிய மரம். ஆறுக்கும் ஒரே 'வெட்டிய'! ஆங்கிலத்தில் ஆளுக்கு ஹூ, மரத்துக்கு விச் அல்லது தட், அரிவாளுக்கு வித் விச், இடத்துக்கு வேர் (where), நாளுக்கு வென் (when). நம் சிக்கனத்துக்கும் ஒரு விலை உண்டு. 'புலிகொல் யானை' என்றால் கொன்றது எது, செத்தது எது? உரைகாரர்களே காட்டும் குழப்பம் இது.

நாம் சறுக்குவதும் இங்கேதான். 'நான் பிறந்த ஊர்', 'நான் பார்த்த ஊர்' இரண்டும் நம் காதுக்கு ஒரே அச்சு. ஊர் என்றால் இடம், இடம் என்றால் வேர் என்று இரண்டுக்கும் வேர் போட்டுவிடுகிறோம். அந்தப் பெயரை வினைக்குப் பக்கத்தில் திரும்பக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள், பெயரெச்சம் விழுங்கிய வேற்றுமை உருபு வெளியே வரும். ஊரில் பிறந்தேன்: வேர். ஊரைப் பார்த்தேன்: விச் அல்லது தட். பையன் வந்தான் என்றால் ஹூ; பையனைப் பார்த்தேன் என்றால் ஹூம் (whom), பேச்சில் அதற்கும் ஹூதான்.

ஆளுக்கு ஹூ, பொருளுக்கு விச் என்ற கறார்ப் பிரிவினை ஆங்கிலத்திலும் பிற்பாடு இறுகியதுதான். 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் பரமண்டலத்திலிருக்கிற பிதாவுக்கே விச் போட்டிருக்கிறார்கள்.

ஹூஸுக்கு (whose) அந்தப் பிரிவினையே கிடையாது. 'அப்பா இறந்த பையன்' என்பதைப் பிரித்தால் பையனுடைய அப்பா. 'கதவு உடைந்த வீடு' என்றால் வீட்டினுடைய கதவு. இரண்டுக்கும் ஹூஸ்தான். வீட்டுக்குப் போய் ஹூஸா என்று அக்கா மகன் இன்னும் முறைக்கிறான்.