பயாப்சி: தமிழில் என்ன சொல்வது?

"மார்புல அடிபட்ட இடத்துல கட்டி இருக்கு, சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணுமாம்." புறநோயாளிப் பிரிவில் உட்கார்ந்து அக்காவுக்கு போன் செய்யும் பெண் இப்படித்தான் சொல்கிறார். பயாப்சிக்கு மக்கள் வைத்திருக்கும் பெயர் 'சதை டெஸ்ட்'. சட்டென்று புரியும், ஆனால் கூடவே கத்தியும் நினைவுக்கு வந்து பயமுறுத்தும். இன்னொரு சிக்கல், மார்பகம் பெரும்பாலும் கொழுப்பும் பால் சுரப்பிகளும்தான். சதை என்று நாம் சொல்லும் தசை அதற்குப் பின்னால் கிடக்கிறது.

மூலச்சொல்லில் வெட்டும் இல்லை, சதையும் இல்லை. கிரேக்கத்தில் 'பயோஸ்' என்றால் உயிர், 'ஆப்சிஸ்' என்றால் பார்வை. 1879-இல் பிரெஞ்சுத் தோல் மருத்துவர் எர்னெஸ்ட் பெனியே மருத்துவ உலகில் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். உயிரோடு இருப்பவரின் உடலிலிருந்து சிறிது எடுத்துப் பார்ப்பது என்பது பொருள். பிணப் பரிசோதனையைக் குறிக்கும் 'ஆட்டாப்சி'யிலும் இதே 'ஆப்சிஸ்'தான்; அங்கே 'தன் கண்ணால் பார்ப்பது'.

தமிழில் 'திசுப் பரிசோதனை', 'திசு ஆய்வு', 'உயிர்த்திசுப் பரிசோதனை' என்று பல வடிவங்கள் ஓடுகின்றன. வேடிக்கை என்னவென்றால், 'திசு'வே கடன்சொல். ஆங்கிலம் வழியாக வந்த அது பிரெஞ்சில் 'நெய்யப்பட்டது' என்று பொருள்படும். நெய்த துணிக்கும் அதே சொல்தான். இலங்கைத் தமிழில் இதற்கு 'இழையம்' என்கிறார்கள். இழை என்ற வேரிலேயே நெசவு வந்துவிடுகிறது. என்னைக் கேட்டால் 'திசு'வைவிட இதுதான் அழகு. ஆனாலும் தமிழ்நாட்டில் பள்ளிப் பாடத்திலிருந்தே திசு பழகிவிட்டதால், இங்கே 'திசுப் பரிசோதனை' போதும். 'உயிர்த்திசு' மூலத்துக்கு நெருக்கம்தான். ஆனால் பயந்துபோய் உட்கார்ந்திருப்பவரிடம் உயிர் என்று ஏன் ஆரம்பிக்க வேண்டும்?

சரி, அடிபட்டபின் வரும் கட்டிக்கு இது எதற்கு? ஸ்கூட்டர் ஹேண்டில்பார் மார்பில் இடித்தது, கார் சடன் பிரேக் போட்டபோது சீட் பெல்ட் அழுத்தியது என்று வைத்துக்கொள்வோம். முதலில் வருவது ரத்தக்கட்டு. தோல் நீலம் பாய்ந்து, வலித்து, பெரும்பாலும் சில வாரங்களில் கரைந்துவிடும். சிலருக்கு அடிபட்ட இடத்துக் கொழுப்பு மடிந்து கெட்டியாகிவிடும். ரிப்போர்ட்டில் 'ஃபேட் நெக்ரோசிஸ்' என்று எழுதுவார்கள். இது புற்றுநோய் இல்லை, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் கல் போல உருண்டு, சில சமயம் தோலை உள்ளே இழுத்து, மேமோகிராமில் (மார்பக எக்ஸ்ரே) அசல் புற்றுநோய் போலவே தெரியும். கைதேர்ந்த மருத்துவரையும் குழப்பக்கூடிய கட்டி இது.

மறுபக்கமும் உண்டு. அடிபட்டதால் புற்றுநோய் வருவதில்லை. ஆனால் அடிபட்ட இடத்தைத் தடவிப் பார்க்கும்போது, ஏற்கெனவே அங்கே இருந்த கட்டி கைக்குத் தட்டுப்படலாம். அதனால் "அடிபட்டதுதானே" என்பதை ஒரு விளக்கமாக எடுத்துக்கொள்ளலாம், ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. சில வாரங்கள் ஆகியும் கட்டி கரையவில்லை என்றால் கையால் பரிசோதனை, அல்ட்ராசவுண்ட் அல்லது மேமோகிராம் என்று போய்விட வேண்டும். எண்ணெய் நிறைந்த நீர்க்கட்டி போலத் தெளிவாகத் தெரிந்தால் பயாப்சியே தேவைப்படாது. புற்றுநோய்ச் சந்தேகம் எவ்வளவு என்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் போடும் எண்தான் 'பைராட்ஸ்'. அது 3 என்று இருந்தால் புற்றுநோய்க்கான வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை. வழக்கமாக ஆறு மாதத்தில் மறுபடி ஸ்கேன். 4 அல்லது 5 என்றால் திசு எடுத்துப் பார்க்கத்தான் வேண்டும். அங்கே தள்ளிப்போடுவதை நான் ஏற்கமாட்டேன்.

எடுப்பதிலும் வகை உண்டு. மெல்லிய ஊசியால் செல்களை மட்டும் உறிஞ்சுவதை 'எஃப்.என்.ஏ.சி.' என்பார்கள், நம் பேச்சில் 'ஊசி டெஸ்ட்'. 'கோர் பயாப்சி' சற்றுத் தடித்த ஊசி. மரத்துப்போக மருந்து போட்டு, தோலில் சின்னக் கீறல் வைத்து எடுப்பார்கள். ஸ்டேப்ளர் அடிப்பது போல 'டக்' என்று சத்தம் வரும்; சேமியாத் துண்டு அளவில் திசு வந்து, அதைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் பாட்டிலில் விழும். தையல் பொதுவாகத் தேவையில்லை. ஆஸ்பிரின், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும்.

"கத்தி பட்டா பரவிடும்" என்று எதிர்வீட்டு அத்தை சொல்வார். ஊசிப் பாதையில் ஓரிரு செல்கள் இடம்பெயரலாம் என்பது உண்மைதான். ஆனால் அதனால் உயிர்பிழைக்கும் வாய்ப்பு குறைவதாக ஆய்வுகள் காட்டவில்லை.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் மருத்துவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: ஸ்கேனில் தெரிந்ததும் திசுவில் தெரிந்ததும் ஒத்துப்போகிறதா? 'ஃபேட் நெக்ரோசிஸ்' என்று வந்து, படமும் அதையே சொன்னால் சரி. படம் சந்தேகமாகவே இருந்தால், மறுபடி எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள்.